நூற்றுக்கு நாற்பத்து நாலு

நாகமலைப் புதுக்கோட்டை, கல்லூரியின் இரண்டாம் மாடி.
ஏசி வாங்கிய ரசீது இருக்கிறது,
ஏசி இல்லை.
சீரகச் சம்பா அரிசி ஒன்றின் அகலத்தில்
நாலைப் பக்கம்பக்கமாகப் படுக்க வைக்கலாம்,
அவ்வளவுதான் என் கண்ணாடி.
இருபுறமும் தாங்கிப் பிடிக்க இரண்டு சிலிக்கான் இழைகள்,
அடியில், இரண்டு மைக்ரான் பள்ளத்தில், ஒரு மின்தகடு.
வோல்ட் கொடுத்தால் சாயும்.
சாய்வதைக் கண் காணாது.
மூன்று மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டிய கிராஃப் தாளில்
லேசரின் சிவப்புப் பொட்டு நகர்வதுதான் சாட்சி.
அதிகம் போனால் நாலு விரற்கடை.

சமன்பாடு சின்னதுதான், குணம் கெட்டது.
இழை ஒரே சீராகப் பின்னிழுக்கும்.
தகடோ கிட்டப் போகப் போகப் பறந்துகொண்டு இழுக்கும்.
முழுச் சாய்வில் நூற்றுக்கு நாற்பத்து நாலு வரை
இருவருக்கும் பேச்சுவார்த்தை.
தாண்டினால்
டப்.
விழுந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு எழாது.
இதுவரை ஒன்பது.
ஒன்பதையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்,
ஆடிட்டில் கேட்பார்கள்.

எனக்கு அறுபதில் நிற்க வேண்டும்.

அங்கே போக ஒரு வழி உண்டு, தலைகீழான வழி:
இன்னும் சாய வேண்டுமானால் இன்னும் குறைவாகக் கொடு.
விழப்போகிறது என்று அதற்கே தெரியுமுன் கையைத் தளர்த்து,
எழப் பார்த்தால் லேசாய் இழு,
நொடிக்கு ஐம்பதாயிரம் முறை.
கணினியில் நின்றது.
கணினியில் எதுதான் நிற்காது.

வியாழன் இரவு நாற்பத்து மூன்று வரை ஏற்றினேன்.
பொட்டு நடுங்கியது.
விசிறியை நிறுத்தினேன், ட்யூப்லைட்டை அணைத்தேன்,
தேனி ரோட்டில் போகும் லாரிகளைச் சன்னலில் நின்று எண்ணினேன்.
பொருந்தவில்லை.
அலைகாட்டி மட்டும் பிடிவாதமாகச் சொன்னது:
நாற்பத்தேழு ஹெர்ட்ஸ்,
விட்டு விட்டு,
தாளம் பிசகாமல்.

எதிர் மண்டபத்தில் காதுகுத்து.
ஃப்ளெக்ஸில் கூலிங் கிளாஸோடு ஏழு தாய்மாமன்கள்.

சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் இறங்கிப் போனேன்.
ஆளுயரப் பெட்டிகளுக்குப் பின்னால்
சவுண்டு சர்வீஸ் சோணைமுத்து வயரைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தார்.
வாயில் வந்ததோ வேறு:
“நாற்பத்தேழில் என்ன வைத்திருக்கிறீர்கள்?”
ஏற இறங்கப் பார்த்தார்.
“நாப்பத்தேழா? இருக்காதே.
நம்ம பெட்டி அம்பதுலதான் உறுமும்.”
எழுந்து, பெட்டியின் விலாவில் இரண்டு தட்டு தட்டி,
காதை வைத்துக் கேட்டார்.
“போன மழையில ப்ளைவுட் ஊறிப்போச்சு.
இறங்கித்தான் இருக்கும்.”
பிறகு ஒரு குமிழைத் தொட்டார், திருகவில்லை.
“இதக் குறைச்சா சனம் என்னைய அடிக்கும் டீச்சர்.
நீங்க உங்க பக்கம் அடைச்சுக்கங்க.”
கையில் ஒரு பிரியாணிப் பொட்டலமும் திணித்தார்.

அடைத்தேன்.
நாற்பத்தேழுக்கு மட்டும் செவிடாகும் ஒரு வடிகட்டி,
நிரலில் நாலு வரி.
விளிம்பை நெருங்கினால் இழையின் விறைப்பு கரையும் என்று
எத்தனை வகுப்பில் எழுதிப்போட்டிருக்கிறேன்.
விறைப்பு கரைந்த இடத்தில்
காது முளைக்கும் என்று எழுதியதில்லை.

ஐம்பது. ஐம்பத்தைந்து.
வோல்ட் இறங்க இறங்கப் பொட்டு மேலேறியது.
விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அறுபது.
நின்றது.
பத்தாவது கண்ணாடி, தீப்பெட்டிக்கு வெளியே.

மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் நான் இருக்கையில்
எதிரே பாட்டு சட்டென நின்றது.
யாரோ மைக்கை அணைக்க மறந்திருக்கிறார்கள்.
ஆசாரியின் இருமல்,
“தலையப் பிடிங்கய்யா” என்று ஒரு குரல்,
அப்புறம் அந்தப் பிள்ளை
ஊருக்கே கேட்கும்படி வீறிட்டது.

என் வடிகட்டியில் அதற்கு இடமில்லை.
பொட்டு அரைக் கட்டம் துள்ளியது.
திரும்பி வந்தது.
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு துள்ளல்,
இன்னொரு காது.